கிராஸ்ஓவருக்கு எந்த மீட்டர்: டி4-ஆ, டிஇ-5000-ஆ?

போன வருஷம் பழைய டூ-வே ஸ்பீக்கர் ஒரு ஜோடி கைக்கு வந்தது. எண்பதுகளில் செய்தது. வூஃபர் சரவுண்ட் கிழியவில்லை, ட்வீட்டர் இரண்டும் உயிரோடு இருந்தன. ஆனால் இடது பக்கத்தில் மட்டும், மிருதங்க வலந்தலையில் விரல் படும்போது எழும் அந்தக் கூர்மை இல்லை. ட்வீட்டர்களை இடம் மாற்றிப் போட்டேன். குறை இடது பெட்டியிலேயே நின்றது. அப்படியென்றால் கோளாறு கிராஸ்ஓவரில்தான், அதாவது தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டில்.

போர்டில் ட்வீட்டருக்கு சீரிஸில் ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட் பை-போலார் (ப்ளஸ், மைனஸ் பக்கம் இல்லாத எலக்ட்ரோலிட்டிக்) கெப்பாசிட்டர். ஒரு காலை சால்டரிலிருந்து தூக்கி மல்டிமீட்டரில் வைத்தால் 5.2 காட்டியது. ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மூடிவிட்டு, இரண்டு வாரம் வேறு எங்கெங்கோ தேடினேன். நல்ல மீட்டர் வேண்டும் என்று எனக்குப் பட்டது அதன் பிறகுதான்.

பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கெட்டுப் போனாலும் மைக்ரோ ஃபாரட் கணக்கில் சரியாகவே காட்டலாம், சில சமயம் கூடுதலாகக்கூடக் காட்டலாம். ஏறியிருப்பது அதன் உள் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஈ.எஸ்.ஆர். 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 2 ஓம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 2 டெசிபெல் போய்விடும். காதுக்கு அது நன்றாகவே தெரியும். மல்டிமீட்டருக்குத் தெரியாது. கிராஸ்ஓவரில் இருக்கும் காயிலை அளக்கும் வசதியும் பெரும்பாலான மல்டிமீட்டரில் கிடையாது. அதை அத்தோடு விட்டுவிடலாம்.

காயிலும் கெப்பாசிட்டரும் அளக்கும் எல்சி100-ஏ என்ற மலிவான போர்டையும் சிலர் சொல்வார்கள். ரேடியோ வேலைக்கு அருமையானது. ஆனால் சில நூறு கிலோஹெர்ட்ஸில் ஆஸிலேட் செய்துதான் சின்னக் காயிலை அளக்கிறது, ஈ.எஸ்.ஆர். காட்டாது. 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் கிராஸ்ஓவருக்கு அது பொருந்தாது. கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டு, ஒரு ரெசிஸ்டர், ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருள் ஆகியவற்றை வைத்துச் செலவில்லாமல் இம்பீடன்ஸ் வளைவு (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலும் எத்தனை ஓம் என்பது) எடுக்கலாம். பத்துப் பார்ட்டை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் பொறுமை போய்விடும். கம்ப்யூட்டரோடு இணைத்து ஸ்பீக்கரை அளக்கும் டேட்டன் நிறுவனத்தின் டேட்ஸ் கருவியை நண்பர் வீட்டில் ஒரு மாலை மட்டும் தொட்டுப் பார்த்தேன். பெட்டியின் அளவைக் கணக்கிடத் தேவையான, வூஃபரின் தீல்-ஸ்மால் அளவுகளையும் எடுத்துத் தருவதால், புதிதாகப் பெட்டி வடிவமைப்பவர்களுக்கு அதுவே நல்லது என்று தோன்றியது. ஒரு மாலைப் பழக்கத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

மிஞ்சியவை இரண்டு: டி4 என்ற மலிவான பார்ட் டெஸ்டர், டிஇ-5000 என்ற கையடக்க எல்சிஆர் (காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்) மீட்டர். முதலில் வாங்கியது டி4. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு அட்மெகா328 சிப், ஒரு சின்னத் திரை, ஒரே பட்டன், 9 வோல்ட் பேட்டரி. ஜெர்மனியில் மார்கஸ் ஃப்ரேயெக் தொடங்கி கார்ல்-ஹைன்ஸ் குபெலர் வளர்த்த திறந்த வடிவமைப்பின் வழி வந்தது. அந்த இடது பக்கக் கெப்பாசிட்டரைப் பிடித்துக் கொடுத்ததும் இதுதான்: ஈ.எஸ்.ஆர். 2.1 ஓம். வலது பக்கத்தில் 0.6. கெட்டது எது என்று சொல்ல டி4 போதும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காயிலுக்குப் போனதும்தான் தடுமாற்றம். டிசி பல்ஸ் கொடுத்து, கரண்ட் ஏறும் நேரத்தை வைத்து இண்டக்டன்ஸை (காயிலின் மில்லி ஹென்றி மதிப்பை) டி4 கணக்கிடுகிறது. குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியில் அளப்பதில்லை. மிகச் சிறிய படியே 0.01 மில்லி ஹென்றி. 0.3 மில்லி ஹென்றி காயிலை மூன்று தடவை அழுத்தினால் 0.29, 0.31, 0.30 என்று வந்தது. வூஃபர் காயிலின் தடித்த கம்பி சாக்கெட்டில் நுழையாது. கிளிப் வயர் போட்டால் அந்த வயரின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரே விஷயம்தான். கிராஸ்ஓவரில் கவனிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஒரு ஓமுக்குக் கீழே இருக்கிறது. வூஃபர் காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் 0.3 அல்லது 0.4. நல்ல பை-போலாரின் ஈ.எஸ்.ஆர். அரை ஓம் போல. டிஇ-5000 நான்கு முனையில் அளக்கிறது: ஒரு ஜோடி வழியே கரண்ட் போகும், இன்னொரு ஜோடி பார்ட்டின் காலிலேயே வோல்டேஜைப் பார்க்கும். அதனால் வயரின் ரெசிஸ்டன்ஸ் நடுவில் புகுவதில்லை. தொடங்கும் முன் கேல் பட்டனை அழுத்தி, திறந்த நிலையிலும் ஷார்ட் செய்தும் ஒரு தடவை அளவீடு சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைச் சோம்பல்பட்டு விடக்கூடாது.

100 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை ஐந்து ஃப்ரீக்வென்சி இருக்கிறது. 2.5 மில்லி ஹென்றி என்று எழுதியிருந்த என் இரும்புக் கோர் காயில் 100 ஹெர்ட்ஸில் 2.55, 1 கிலோஹெர்ட்ஸில் 2.46, 10 கிலோஹெர்ட்ஸில் 2.1 என்று இறங்கியது. ‘இந்தக் காயில் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை என்பது அன்றுதான் புரிந்தது. நடுவில் இரும்பு இல்லாத ஏர் கோர் காயிலை ஸ்டீல் மேசை மேல் வைத்து அளந்தபோதும் ஏமாந்தேன். மதிப்பு கூடிக் காட்டியது. ஒரு மரப்பலகை மேல் உயர்த்தி வைத்ததும் சரியாகிவிட்டது. டிஇ-5000-க்கும் ஓர் எல்லை உண்டு. 0.6 வோல்ட் அளவில்தான் சோதிக்கிறது. சத்தமாகப் பாடும்போது இரும்புக் கோர் எப்படி நடந்துகொள்ளும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

விலை டி4 போல் பத்து மடங்குக்கு மேல். ஒரே ஒரு ஜோடிக்குக் கெப்பாசிட்டர் மாற்றப் போகிறவர் இதை வாங்கத் தேவையில்லை. ஆனால் பை-போலாரை எடுத்துவிட்டு ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஃபிலிமில் ஈ.எஸ்.ஆர். கிட்டத்தட்ட இல்லை. பழைய வடிவமைப்பாளர் பை-போலாரின் அந்த அரை ஓமையும் சேர்த்தே ட்வீட்டரின் அளவை வைத்திருப்பார். புதிய பை-போலார் ஒன்றை வாங்கி டிஇ-5000-இல் வைத்தேன், 0.4 சொச்சம். ஆகவே ஃபிலிமோடு சீரிஸில் 0.47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். ரெசிஸ்டர்களையும் ஆறு வாங்கி அளந்து, ஒத்துப்போன இரண்டை எடுத்தேன். இரண்டு பெட்டியிலும் வலந்தலை இப்போது ஒரே மாதிரி கேட்கிறது.

டி4-ஐ விற்கவில்லை. டிரான்சிஸ்டரில் எது பேஸ், எது எமிட்டர் என்று டிஇ-5000 சொல்லாது. அதற்கு இன்றும் டி4-தான். ஆம்ப்ளிஃபயர் சப்ளையிலிருந்து கழற்றிய கெப்பாசிட்டரை மட்டும் டிஸ்சார்ஜ் செய்யாமல் இரண்டிலும் வைக்காதீர்கள். டி4-இன் சிப் அந்த ஒரு தடவையிலேயே போய்விடும்.