எக்ஸ்ரே படிகமுறையா, கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியா?

ஒரு புரதம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய அதன் வடிவத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கே ஒப்பிடுவது இரண்டு வழிகள்: புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்க்கும் படிகமுறை, புரதக் கரைசலை உறையவைத்து எலக்ட்ரான்களால் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி (சுருக்கமாக, கிரையோ). எந்த வழியில் பார்ப்பது என்று ஆய்வு மாணவர்கள் பலர் குழம்புகிறார்கள்.

மாதிரி: படிகமுறைக்கு மில்லிகிராம் கணக்கில் தூய புரதம் வேண்டும். அது படிகமாகவும் மாற வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்தும் மாறாமல் போகலாம். கிரையோவுக்குச் சில மைக்ரோலிட்டர் கரைசல் போதும். திரவ ஈத்தேனில் நொடிக்குள் உறைந்துவிடும்.

அளவு: சுமார் 50 கிலோடால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) கீழே உள்ள சின்னப் புரதம் கிரையோவில் தெளிவாகத் தெரிவது கடினம். படிகமுறைக்கு அது தடையே இல்லை.

துல்லியம்: படிகமுறையில் 2 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்; எண் குறையக் குறையத் தெளிவு கூடும்) சாதாரணம். கிரையோவில் பெரும்பாலும் 3 சுற்றி.

செலவு: கிரையோ கருவிக்குப் பல கோடி ஆகும். படிகம் கிடைத்துவிட்டால் இந்தூரின் இண்டஸ்-2 போன்ற சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய கருவி) தரவு எடுக்கலாம்.

அசைவு: என்னைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான். படிகத்துக்குள் புரதம் பெரும்பாலும் ஒரே நிலையில் கட்டுண்டு கிடக்கும். கிரையோவில் பல நிலைகளைப் பிரித்தெடுக்கலாம். மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற சவ்வுப் புரதத்தை (செல்லைச் சுற்றிய சவ்வில் பதிந்திருப்பது) 2013-ல் இப்படித்தான் பார்த்தார்கள். மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் ஒட்டியதும், அயனிகள் செல்லும் அதன் பாதையின் கீழ்க்கதவு விரிவது தெரிந்தது. அயனிகள் உள்ளே நுழைவதும் நாக்கு எரிவதும் அதற்கப்புறம்தான்.

சரி, எதை எடுப்பது? சின்ன நொதியில் மருந்து எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கப் படிகமுறை. சவ்வுப் புரதம், பெரிய கூட்டமைப்பு என்றால் தயங்காமல் கிரையோ.