ஜிப்ஸியைத் தூக்கிக் கட்டி, மறுபடி இறக்கிக் கட்டிய கதை

நண்பன் ஒருவன் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். "உன் வண்டி மாதிரியே தூக்கிக் கட்டணும்டா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். என் வண்டியைக் காட்டி ஆர்சி புதுப்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

என்னுடையது 2010 மாடல். 2018இல் வாங்கினேன். முதல் வருடமே ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு) மாற்றி வண்டியை இரண்டு இஞ்ச் உயர்த்தி, 235/75 ஆர்15 டயர் போட்டு, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று இயந்திரம்) வைக்க முன்னால் இரும்பு பம்பர் கட்டினேன். இதெல்லாம் போல்ட்டைக் கழற்றினால் போய்விடும். போகாதது மட்கார்டு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் பெரிய டயர் உரசியது. பட்டறைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிரைண்டரை வைத்து இரண்டு பக்கமும் அறுத்துவிட்டார். இத்தனை வருடமும் வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த விளிம்பு கையில் பட்டு எரிச்சல் வரும்.

பதினைந்து வருடம் முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ் போனபோது, பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் விரல் வைத்ததும் அங்கேதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இரும்பு பம்பர் கூடாதென்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. டயர் விஷயத்திலும் நியாயம் அவர் பக்கம்தான். என் வண்டியோடு வந்த 205/70 டயரின் உயரம் 668 மி.மீ., பெரியது 733. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் வேலை கூடுதல்.

என் கோபம் வேறு. கேஸ் கிட் போட அனுமதி வழி உண்டு, எலெக்ட்ரிக்காக மாற்ற உண்டு. முறையாக உயர்த்திய வண்டியைச் சோதித்துப் பார்த்து முத்திரை கொடுங்கள் என்று என்னைப் போன்ற தனி ஆள் போய் நிற்க ஒரு கவுன்ட்டர் கிடையாது. ஆஸ்திரேலியாவில் இதற்கு இன்ஜினியர் சான்றிதழ் முறை இருக்கிறது. இங்கே திருட்டுத்தனமாக ஓட்டு, இல்லை கழற்று.

கழற்றினேன். ஜிப்ஸி உற்பத்தியே நின்றுவிட்டதால் மட்கார்டுக்கு ஒன்றரை மாதம் அலைந்தேன். ஒன்று கடையில் கிடைத்தது, இன்னொன்று பழைய இரும்புக் கடையில்.

அப்புறம் கோத்தகிரிப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக்குப் போனேன். வழக்கமான அந்தச் செம்மண் ஏற்றம், முந்தைய நாள் மழை வேறு. பழைய அளவு டயரில் காற்றை 28லிருந்து 18க்கு இறக்கி, ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, பலத்தோடு இழுக்கும் கியர்) போட்டேன். ஏறிவிட்டது! சின்ன டயரில் அந்த 1.3 இன்ஜின் எவ்வளவு லேசாக இழுக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு டன்னை ஒட்டிய வண்டி, சேற்றில் புதையாமல் மிதந்து போகிறது. இத்தனை செலவு செய்து நான் தேடியது இதைத்தானே?

இவ்வளவு சொல்லிவிட்டும், இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் அவனிடம் சொல்வேன். மீறி வாங்கினால், முதலில் காற்று பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கட்டும். பட்டறையில் விட்டால் பக்கத்திலேயே நிற்கட்டும்.