மாதக்கணக்கில் நிற்கும் மோட்டார்ஹோம்: ஹைட்ராலிக் ஜாக்கா, டயர்க் கட்டையா?

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரையொட்டிய லா போசாவில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளேயே குடியிருக்கும் வசதிகொண்ட வண்டிகளை, நீண்ட காலம் நிறுத்தித் தங்குவதற்கு அமெரிக்க நில மேலாண்மைத் துறை அனுமதி தருகிறது. குளிர்காலத்தை அங்கே கழிக்கத் தீர்மானித்தபோது, ஃபோர்டு இ-450 என்ற சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மீது கட்டப்பட்ட எங்கள் வண்டியை மட்டமாக நிறுத்த இரண்டு வழிகளை எடைபோட்டோம். எண்ணெய் அழுத்தத்தால் வண்டியைத் தூக்கும் நான்கு ஹைட்ராலிக் ஜாக்குகளைச் சேசிஸில் பொருத்திக்கொள்வது ஒன்று. டயருக்கடியில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி மட்டம் பிடித்து, ஆட்டத்தைக் குறைக்க மூலைகளில் திருகு ஜாக் கொடுப்பது மற்றொன்று. நாங்கள் தேர்ந்தெடுத்தது கட்டைகளை. எனவே என் எழுத்து அந்தப் பக்கமே சாயும்.

விலையில் பேச ஒன்றுமில்லை: ஹைட்ராலிக்குக்குச் சில ஆயிரம் டாலர், கட்டைகளுக்கு அதில் சிறு துளி. வசதியிலும் பேச ஒன்றுமில்லை: பொத்தானை அழுத்தினால் ஹைட்ராலிக் சில நிமிடங்களில் மட்டம் பிடித்துவிடும், கட்டை வைப்பவர் ரசமட்டத்தைப் பார்த்துப் பார்த்து வண்டியை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.

மட்டம் ஏன் தேவை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேஸில் ஓடும் உறிஞ்சுவகைக் குளிர்பெட்டியில் பம்பு கிடையாது. வெப்பத்தாலும் புவியீர்ப்பாலுமே அம்மோனியாக் கரைசல் சுழல்கிறது. வண்டி அதிகமாகச் சாய்ந்திருந்தால் கரைசல் குழாயில் தேங்கி, கொதிகலன் மிகையாகச் சூடேறி, நாளடைவில் அடைத்துக்கொள்ளும். பல மாடல்களுக்குப் பக்கவாட்டில் 3 பாகையும், முன்பின்னாக 6 பாகையும் எல்லை. சக்கரங்களுக்கு இடையே இரண்டு மீட்டர் என்று கொண்டால், 3 பாகை என்பது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர வேறுபாடு. உறங்குகிறவரின் தலை இதைவிடக் கண்டிப்பானது என்பது வேறு விஷயம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, மாதக்கணக்கில் எடையைத் தாங்குவது எது என்ற ஒரே கேள்விதான். ஹைட்ராலிக் ஜாக்கில் வண்டியைத் தூக்கி நிறுத்துவது வால்வுக்குள் அடைபட்ட எண்ணெய். பாலைவனத்தின் பகல் வெயிலில் விரிந்த அந்த எண்ணெய் இரவுக் குளிரில் சுருங்கும்போது வண்டியும் சற்றே இறங்குகிறது. வால்வு மூடி அமரும் இடத்தில் ஒரு துகள் சிக்கினாலோ இறக்கம் நிற்பதேயில்லை. சில அமைப்புகள் இதை உணர்ந்து தாமாகவே பம்பை ஓட்டிச் சரிசெய்துகொள்ளும். ஆனால் மின்கம்பி இல்லாத இடத்தில் அதற்கான மின்சாரம் நம் பேட்டரியிலிருந்துதான் போகிறது. ஜாக்கிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பளபளப்பான தண்டில் தூசியும் ஈரமும் படிந்து துருப்பிடித்தால், அது உள்ளே போகும்போது சீலைக் கிழிக்கும். எனவே துடைத்துப் பராமரிக்கும் வேலையும் உண்டு. கட்டைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. எண்ணெய், சீல், வால்வு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

கட்டையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. டயரின் தரை தொடும் பரப்பு முழுவதும் கட்டையின் மேல் இருக்க வேண்டும். விளிம்பு அந்தரத்தில் தொங்கினால் உள்ளிருக்கும் எஃகு இழைகள் கெடும். பின்புறம் இரட்டைச் சக்கரமாதலால் இரண்டுக்குமே கட்டை வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் மொத்தப் பளுவும் அதன்மேல் விழும். லா போசாவின் டைசன் வாஷ் போன்ற வறண்ட ஓடைப் பகுதிகளில் மழைக்குப்பின் மண் இளகுமாதலால், கட்டைக்கடியில் கனமான பிளைவுட் பலகை போடுவது நல்லது. மூலையில் கொடுக்கும் திருகு ஜாக் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அதைக்கொண்டு வண்டியைத் தூக்கினால் ஜாக் வளையும், சட்டமும் முறுக்கிக்கொள்ளும்.

ஆட்டம் என்று வந்துவிட்டால் ஹைட்ராலிக்கே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடையின் பெரும்பகுதியைச் ஸ்பிரிங்குகளிலிருந்து அது எடுத்துக்கொள்வதால், வண்டிக்குள் ஒருவர் நடந்தால் மற்றவருக்குத் தெரிவதில்லை. எங்கள் வண்டியில் திருகு ஜாக்குகளை இறுக்கிய பிறகும் சிறு அசைவு இருக்கிறது. ஆனால் ஹைட்ராலிக் தரும் உறுதிக்காகப் பின்சக்கரங்களைத் தரையைவிட்டுக் கிளப்பிவிடக் கூடாது. கைபிரேக் பிடிப்பது பின்பக்கத்தைத்தான். அது அந்தரத்தில் நின்றால் பிரேக் இருந்தும் இல்லாததுபோல்தான்.

எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரால் திருகைச் சுழற்றும் ஜாக்குகளும் கிடைக்கின்றன. திருகு தானே பூட்டிக்கொள்வதால் இரவில் இறங்கும் தொல்லை அதில் இல்லை. பக்கத்து வண்டியில் பார்த்ததைத் தவிர எனக்கு அதில் அனுபவம் கிடையாது. ஆதலால் பரிந்துரை செய்யத் துணியவில்லை. குனிந்து கட்டை அடுக்க முழங்கால் இடம் கொடுக்காதவர்களும், பத்து டன்னைத் தாண்டிய பேருந்து அளவு வண்டி வைத்திருப்பவர்களும் நான் சொன்னதைப் பொருட்படுத்தாமல் ஹைட்ராலிக்கையே வாங்கலாம். அந்த எடைக்கு உயரமாகக் கட்டை அடுக்கி ஏற்றி இறக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது.