பீக் ஃப்ளோ மீட்டர்: வீசிங் உள்ள பிள்ளைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். பிள்ளை மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊதுகிறது என்பதை எண்ணில் காட்டும் சின்னக் குழாய் இது. ஆனால் கூடவே ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், எழுதி வைக்காவிட்டால் இது வெறும் ஊதுகுழல்தான்.

மதுரையில் என்றால் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பனகல் ரோட்டு மருந்துக்கடைகளில் விசாரியுங்கள். 800 வரை எண் போட்டது பெரியவர்களுக்கு. சின்னப் பிள்ளைக்கு 400 வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், பெரியதில் முள் அடியிலேயே நின்றுகொண்டு சின்ன ஏற்ற இறக்கத்தைக் காட்டாது.

பேட்டரி கிடையாது. பிள்ளையை நிற்க வைத்து, மூச்சை முழுசாக இழுக்கச் சொல்லி, குழாய் வாயைச் சுற்றி உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் வேகமாக ஊத விட வேண்டும். மூன்று தடவை ஊதினால் பெரிய எண்ணை மட்டும் எழுத வேண்டும், காலையில் பம்ப் (இன்ஹேலர்) அடிப்பதற்கு முன்னால் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பிள்ளை நன்றாக இருக்கிற இரண்டு வாரத்தில் வந்த மிகப் பெரிய எண்தான் அளவுகோல். அது 250 என்றால் 200-க்கு மேல் பச்சை (நலம்), 125 வரை மஞ்சள் (கவனம்), அதற்குக் கீழே சிவப்பு (ஆபத்து). சிவப்பில் உடனே இளைப்புக்கான பம்ப்பை அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

எங்களுக்கு உதவியது எண்ணைவிட அந்த நோட்டுதான். முன்பெல்லாம் டாக்டர் "இந்த மாசம் எப்படி இருந்தா?" என்று கேட்டால் "பரவாயில்லை சார்" என்போம், கடைசி ரெண்டு நாள் மட்டுமே ஞாபகத்தில் இருக்கும். மார்கழியில் நோட்டைப் புரட்டியவர், சாயங்காலம் சரியாக இருந்த எண் காலையில் மட்டும் இறங்கியதைப் பார்த்துவிட்டு, "ராத்திரி இருமுறாளா?" என்றார். அப்பத்தா பனி என்று சொல்லிக்கொண்டிருந்த இருமல் அதுதான். உடனே மருந்தைக் கூட்டவில்லை, ஸ்பேசரில் (பம்ப்பில் மாட்டும் குடுவை) பம்ப் அடிப்பதைத் தன் எதிரிலேயே செய்யச் சொல்லிப் பார்த்து, அது சரி என்று தெரிந்த பிறகுதான் தினமும் அடிக்கிற மருந்தைக் கூட்டினார். இன்னொரு டாக்டர் நோட்டைத் தொடக்கூட இல்லை. சாயங்கால டோக்கன் கூட்டத்தில் முப்பது நாள் எண்களை யார் படிப்பது? அதனால் இப்போது கோடு போட்டு வரைகிறோம், எந்த ராத்திரி இருமினாள், எத்தனை தடவை பம்ப் தேவைப்பட்டது என்பதையும் அடியில் குறிக்கிறோம். ஒரு பார்வையில் தெரிந்துவிடும். செல்போன் ஆப்பும் பார்த்தோம், அப்பத்தாவுக்குச் சரிப்படவில்லை.

குறைகள் உண்டு. எங்களுக்குக் கிடைத்த கையேடு முழுக்க இங்கிலீஷ், அதுவும் எறும்பு எழுத்து. பிள்ளை சிணுங்கிக்கொண்டு ஊதினால் எண் தானாக இறங்கும். எண் பச்சையாக இருந்தும் நெஞ்சு உள்வாங்கினால் பிள்ளையைத்தான் நம்ப வேண்டும், மீட்டரை அல்ல. வேறு கம்பெனி மீட்டரில் எண் மாறும், அதனால் கிளினிக்குக்கும் வீட்டு மீட்டரையே எடுத்துப்போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் இதற்குச் செலவழிக்காதீர்கள், அந்த வயதில் ஒழுங்காக ஊத வராது. ராத்திரி இருமலையும் பம்ப் கணக்கையும் எழுதினாலே டாக்டருக்குப் போதும்.