'முழு கிட்' என்று விற்கப்பட்ட சூப்பர்சார்ஜர்: பணம் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2011–14 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர்கள், வீட்டு கராஜிலேயே சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டலாம் என்று யோசிப்பவர்கள் படிக்கவும். 'காரிலிருந்து கழற்றியது, முழு கிட், டியூனரும் உண்டு, போல்ட் போட்டு முடுக்கினால் ஓடும்' என்ற விளம்பரத்தில் ஒரு பழைய 2.3 லிட்டர் டிவிஎஸ் (ஈட்டன் நிறுவனத்தின் ரோட்டார் வகை) யூனிட் விற்கப்பட்டது. முழுப் பணமும் முன்னாலேயே கைமாறியது. பெட்டியில் சூப்பர்சார்ஜர் வந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அதோடு வர வேண்டியதில் பாதியைக் காணோம். வந்த மீதியில் மூன்று சாமான்கள், அப்படியே மாட்டியிருந்தால் இன்ஜினைக் காலி செய்திருக்கும். விற்றவர் இப்போது பதிலே போடுவதில்லை.

முதலில் டியூனர், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். கையடக்க டியூனர் என்பது இன்ஜின் கம்ப்யூட்டரில் டியூனை (பெட்ரோல் அளவு, பொறி நேர அமைப்புகளை) ஏற்றும் கருவி. அது ஒரு காரில் முதல் தடவை டியூன் ஏற்றும்போதே அந்தக் காரின் வின் நம்பரோடு (காரின் அடையாள எண்) பூட்டிக்கொள்ளும். அதே காரில் ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏற்றினால்தான் பூட்டு விடும். விற்றவர் அதைச் செய்யவில்லை, பழைய காரும் கைமாறிவிட்டது. ஆக, வந்த டியூனர் மேஜை மேல் வைக்கத்தான் உதவும். வாங்குவதற்கு முன், டியூனரை ஆன் செய்து 'எந்தக் காரோடும் பூட்டப்படவில்லை' என்று திரை காட்டுவதை வீடியோவாகக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் டியூனருக்குப் பைசா கொடுக்காதீர்கள்.

புகார் சொன்னதும் 'மெயிலில் டியூன் அனுப்புகிறேன்' என்று ஒரு ஃபைல் வந்தது. அது 93 ஆக்டேன் பெட்ரோலுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் எழுதியது. மாட்ட வேண்டிய கார் மேனுவல், ஓடுவது கலிஃபோர்னியாவில். அங்கே பெட்ரோல் பங்குகளில் பிரீமியம் என்று கிடைப்பது 91. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 11:1, அதன் மேல் 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் ஏற்றும் காற்றழுத்தம்). 93-க்கு வைத்த இக்னிஷன் டைமிங்கில் 91 ஊற்றி முழு த்ராட்டில் கொடுத்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வரும். இந்த வருட மாடல்களில் இருப்பது வார்ப்பு பிஸ்டன். ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு உடைய ரொம்ப நேரம் ஆகாது.

டியூன் சரியாக இருந்தாலும் சூப்பர்சார்ஜரைச் சுற்றும் புல்லி மாறியிருந்தால் எல்லாம் வீண். வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்து பாருங்கள். 3.5 அங்குலம் என்று எழுதிய இடத்தில் 3.1 அங்குல புல்லி இருந்தால் ரோட்டார் கிட்டத்தட்ட 13 சதவீதம் வேகமாகச் சுற்றும், பூஸ்டும் காற்றின் சூடும் சேர்ந்து ஏறும். கணக்கு எளிது: கிராங்க் புல்லியின் விட்டத்தை சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தால் வகுத்து, இன்ஜின் ஆர்பிஎம்மால் பெருக்குங்கள். சிவப்புக் கோட்டில் (இன்ஜினின் உச்ச ஆர்பிஎம்மில்) வரும் எண் தயாரிப்பாளர் சொல்லும் உச்சத்தைத் தாண்டக் கூடாது. பழைய முதலாளி 'கொஞ்சம் கூட இழுக்கட்டும்' என்று சின்ன புல்லி போட்டுவிட்டு, விற்கும்போது வாய் திறக்காமல் இருப்பது சகஜம்.

அடுத்தது, சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். பூஸ்ட் இன்ஜினுக்கு ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வையுங்கள். கிராங்கில் 600 குதிரைசக்தி வேண்டுமென்றால் 360 பவுண்டு. எட்டு சிலிண்டருக்கு எட்டால் வகுத்தால் 45. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால், ஏறக்குறைய 53 பவுண்டு இன்ஜெக்டர் தேவை. வந்தவை '55' என்று அச்சடித்த, பிரபல பிராண்டைப் போலச் செய்த நகல்கள். ஃப்ளோ பெஞ்சில் (எவ்வளவு ஊற்றுகிறது என்று அளக்கும் கருவியில்) வைத்தால் எட்டும் 2–3 சதவீத வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். இதில் ஒன்று மற்றவற்றைவிட 12 சதவீதம் குறைவாக ஊற்றியது.

இதில் உள்ள விபரீதம் ஓட்டும்போது தெரியாது. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் சராசரியைத்தான் சொல்லும். மூன்று கொஞ்சம் ரிச்சாகவும் (பெட்ரோல் அதிகம்) ஒன்று லீனாகவும் (பெட்ரோல் குறைவு) ஓடினால், மீட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.6 என்று அழகாகத் தெரியும். லீனாக ஓடும் அந்த ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கும். ஃப்ளோ சீட் (பெஞ்சில் அளந்த எண்கள் உள்ள தாள்) இல்லாத இன்ஜெக்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மோசம், அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இந்த வகைக் கிட்டில் தண்ணீர் ஓடும் இன்டர்கூலர், ரோட்டாருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே மேனிஃபோல்டின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அது கசிந்தால் தண்ணீர் தரையில் சொட்டாது, நேரே இன்டேக் போர்ட்டுக்குள் இறங்கும். இரவு முழுவதும் நின்ற காரை காலையில் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் நிரம்பிய சிலிண்டரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். அதனால் மாட்டுவதற்கு முன் வெளியிலேயே சோதியுங்கள். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ரெகுலேட்டர் வைத்து 20 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, வால்வை மூடி, இருபது நிமிடம் விடுங்கள். கேஜ் முள் அசையவே கூடாது. இந்த யூனிட்டில் முள் கண்ணெதிரே இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவியதும் எண்ட் டேங்க் வெல்டிங் ஓரத்தில் குமிழ் வந்தது. அந்த இடத்தில் யாரோ ஏற்கெனவே எப்பாக்சி பூசி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தெரிந்தே விற்ற சரக்கு என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை.

ரோட்டார் பாகம் பரவாயில்லை. நீங்கள் பார்க்கும்போது கையால் சுற்றுங்கள், எங்கும் பிடிக்கக் கூடாது. மேல் பூச்சு உரிந்திருக்கிறதா, உறைச் சுவரில் கீறல் இருக்கிறதா, உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் இருந்தால் சீல் போய்விட்டது.

இல்லாத சாமான்களின் பட்டியல் நீளம்: மேனிஃபோல்டு கேஸ்கட்டுகள், பம்ப் ரிலே வயரிங், பிசிவி ஹோஸ்கள் (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்கள்), சரியான நீளத்தில் பெல்ட், ஒரு ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளை). கிராங்க் புல்லியைக் கழற்ற நேர்ந்தால் அதன் போல்ட்டும் புதிது வேண்டும். ஒரு தடவை நீட்சி அளவுக்கு முடுக்கிய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.030 அங்குலம். பழைய இடைவெளியிலேயே விட்டால் பூஸ்ட் ஏறும்போது பொறி அணைந்து மிஸ்ஃபயர் அடிக்கும்.

எந்த விற்பனையாளரும் வாயைத் திறக்காத ஒன்று ஆயில் பம்ப் கியர். இந்த இன்ஜின்களில் அது உலோகத்தூளை அழுத்திச் செய்தது. பூஸ்ட் போட்டு ரெவ் லிமிட்டரில் (ஆர்பிஎம் உச்சவரம்பில்) இடித்தால் உடையலாம், உடைந்தால் அந்த நொடியே எண்ணெய் அழுத்தம் பூஜ்யம். முன்பக்கக் கவரைக் கழற்றி பில்லெட் (ஒரே உலோகக் கட்டியில் கடைந்த) கியர் மாற்றுவது ஒரு முழுத் தனி வேலை. அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட வந்த ஜெராக்ஸ் கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேனிஃபோல்டு போல்ட்டுக்கு '89' என்று இருந்தது, எந்த அலகு என்று எழுதியிருந்த ஓரம் ஜெராக்ஸில் விழவில்லை. அது 89 அங்குல-பவுண்டு, அதாவது 10 நியூட்டன் மீட்டர். அடி-பவுண்டு என்று நினைத்து ரெஞ்சை வைத்தால் 120 நியூட்டன் மீட்டர் ஆகும். அலுமினிய ஹெட்டில் மரை உருவிக்கொண்டு வரும், இல்லையென்றால் போல்ட் உள்ளேயே முறியும்.

'ஐம்பது மாநிலத்திலும் செல்லும்' என்றும் விளம்பரத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவில் அதற்கு கார்ப் (அந்த மாநிலக் காற்று வள வாரியம்) கொடுத்த இஓ எண் (அனுமதி உத்தரவு எண்) வேண்டும், பானெட்டுக்குள் ஸ்டிக்கரும் வேண்டும். அந்த எண் குறிப்பிட்ட வருட மாடலுக்கும், குறிப்பிட்ட பாகங்கள் கொண்ட கிட்டுக்கும் மட்டுமே. சின்ன புல்லி போட்டாலே அது வேறு கிட். எண்ணை கார்ப் தளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 2021 ஜூலையிலிருந்து அங்கே ஸ்மாக் (புகை) சோதனையில் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) மென்பொருளையும் பார்க்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத டியூன் என்றால் ஃபெயில்.

பணம் கொடுக்கும் வழியில்தான் கடைசிக் கண்ணி இருந்தது. 'கமிஷன் மிச்சம், பேபாலில் நண்பர்-குடும்பம் வழியாகப் போடுங்கள்' என்றார் விற்றவர். அந்த வழியில் போட்ட பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கடைக்காரரிடம் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். 'ஸ்டாக் வரவில்லை' என்று இழுத்தடிக்கும் ஆன்லைன் கடை என்றால், அமெரிக்க எஃப்டிசி (மத்திய வர்த்தக ஆணையம்) விதிப்படி சொன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும். தேதி சொல்லாவிட்டால் 30 நாள். தாமதத்துக்கு நீங்கள் சம்மதிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். லாரியில் வரும் பெட்டியை டிரைவர் நிற்கும்போதே திறந்து, உடைசலையும் குறைவையும் டெலிவரி ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.