மெக்கைவர் முதல் சீசன்: கைக்குக் கிடைத்ததே கருவி

1985 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மெக்கைவர்’ தொடரின் முதல் சீசனில் 22 அத்தியாயங்கள் உள்ளன. அவற்றை வரிசையாகப் பார்த்து முடித்தபின் துரத்தல்களும் வெடிப்புகளும் விரைவில் மறந்துபோயின. ஆபத்தின் நடுவே, ரகசியப் பணிகளுக்கு அனுப்பப்படும் நாயகன் மெக்கைவர் சற்று நின்று, தன்னைச் சுற்றிக் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் அளக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும் மனத்தில் தங்கிவிட்டன.

முதல் அத்தியாயமே இதற்குச் சிறந்த சான்று. நியூ மெக்சிகோவில் நிலத்தடியில் இயங்கும் ஆய்வுக்கூடம் ஒன்று வெடிப்பில் சிதைந்து, விஞ்ஞானிகள் உள்ளே சிக்கிக்கொள்ள, மெக்கைவர் தனியாக இறங்குகிறான். கந்தக அமிலக் கசிவை அவன் அடைப்பது சாக்லேட் கட்டிகளால். விந்தையாகத் தோன்றினாலும் இதற்கு அடிப்படை உண்டு: அடர் கந்தக அமிலம் சர்க்கரையிலிருந்து நீரை உறிஞ்சிக் கரியை மிச்சம் வைக்கும் என்பது பள்ளி வேதியியல். கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிர்களைச் சிகரெட் புகையால் புலப்படுத்தி, தொலைநோக்கியின் கண்ணாடியைக் கொண்டு கதிரை அதன் கருவிக்கே திருப்பிவிடும் காட்சி அதைவிட அழகானது. சிறிதளவு சோடியத்தை மாத்திரைக் கூட்டில் அடைத்து நீரில் போட்டுச் சுவரையே பிளக்கும் இடம் மட்டும் என்னால் நம்ப முடியாததாக இருந்தது.

இந்த உத்திகள் வெறும் வித்தைகளாகச் சுருங்காமல் காப்பது மெக்கைவராக நடிக்கும் ரிச்சர்ட் டீன் ஆண்டர்சனின் குரல். ஒவ்வொரு பொருளையும் ஏன் எடுக்கிறேன் என்று மெக்கைவர் தனக்குத்தானே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போவதால், பார்ப்பவரும் அவனோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்குகிறார். அவன் எதிரியை அடித்தால் கை வலிக்கிறது. உயரமான இடங்களில் நடுங்குகிறான். அக்காலத்துச் சாகச நாயகர்களிடம் அரிதாகவே காணப்பட்ட இந்த எளிமைக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும். துப்பாக்கியைத் தொடாதவன் என்று பெயர்பெற்ற அவன் முதல் அத்தியாயத்தின் தொடக்கக் காட்சியில் சுடுகிறான் என்பதும், அந்த வெறுப்புக்கான காரணம் பிந்தைய சீசன் ஒன்றில்தான் சொல்லப்படுகிறது என்பதும், பாத்திரம் இங்கே இன்னும் வார்ப்பில் இருப்பதைக் காட்டுகின்றன.

குறைகளும் சிறியவை அல்ல. ஆசியா, கிழக்கு ஐரோப்பா, தென் அமெரிக்கா என்று கதை ஓயாமல் நாடு மாறினாலும், படப்பிடிப்பு பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்ததால் அந்த நாடுகள் ஒரே சாயலில் இருக்கின்றன. அங்கு வாழும் மக்களும் காவலர், கொடியவர், காப்பாற்றப்பட வேண்டியவர் என்ற மூன்று வகைக்குள் அடங்கிவிடுகிறார்கள். செலவைக் குறைக்கப் பழைய திரைப்படக் காட்சிகளை எடுத்துச் சேர்த்திருப்பதும் உறுத்துகிறது. புடாபெஸ்டில் நடப்பதாகச் சொல்லப்படும் கார்த் துரத்தல், 1969-இல் வெளிவந்த ‘தி இத்தாலியன் ஜாப்’ படத்திற்காக இத்தாலியில் எடுக்கப்பட்டது. அமேசான் காட்டில் எறும்புப் படை நகரும் அத்தியாயமும் 1954-ஆம் ஆண்டுப் படமொன்றின் காட்சிகளைக் கடன் வாங்கியிருக்கிறது. ஆனாலும் அந்த எறும்புக் கதையில் பதற்றம் கடைசிவரை குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சீசனின் நடுப்பகுதியில் டானா எல்கார் நடிக்கும் மேலதிகாரி பீட் தார்ன்டன் வந்து சேர்ந்த பிறகு தொடருக்கு ஒரு குடும்ப நெருக்கம் கிடைக்கிறது. இதே நடிகர் முதல் அத்தியாயத்தில் வேறொரு பாத்திரமாக வந்தவர் என்பது கவனித்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதுவரை வாரந்தோறும் புதியவர்களிடையே தனியாகத் திரிந்த மெக்கைவருக்கு, கவலைப்படவும் கடிந்துகொள்ளவும் ஒரு நண்பர் அமைகிறார். தாத்தா ஹாரியை அவன் நெடுநாள் கழித்துச் சந்திக்கும் அத்தியாயத்தில் உத்திகளைவிட இருவரின் மௌனம்தான் அதிகம் பேசுகிறது. இந்தச் சீசனில் நான் மீண்டும் பார்க்க விரும்புவது அதைத்தான். பல்கேரியாவில் நடக்கும் அத்தியாயத்தில் டெரி ஹேட்சர் நடிக்கும் பென்னி பார்க்கர் என்ற பெண் கொண்டுவரும் கலகலப்பும் இனிமையானது.

பத்து வயதைக் கடந்த பிள்ளைகளோடு பார்ப்பதற்கு ஏற்ற தொடர் இது. ஆனால் 22 அத்தியாயங்களையும் அடுத்தடுத்து பார்த்தால் கதைகளின் ஒரே வார்ப்பு சலிப்பூட்டும். வாரத்திற்கு ஒன்று போதுமானது.