டெபியன் பேக்கேஜ் கோப்பைப் பைதனில் படிக்க: கைவேலையா, ஈமெயில் மாடியூலா, பைதன்-ஏப்டா, பைதன்-டெபியனா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் கணினி அறையில் இருப்பதெல்லாம் பழைய மெஷின்கள். டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டு ஓட்டுகிறோம். மழை நாளில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய காரியம் என்பதால் வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்ற விவரம் தோட்டத்து மெஷினில். டவுன்லோட் செய்வது ஹட்டன் டவுனில், கொமியூனிகேஷன் கடை விண்டோஸ் மெஷினில். நடுவில் பென்ட்ரைவ். தோட்டத்து மெஷினின் ஸ்டேட்டஸ் கோப்பையும் டெபியன் சர்வரில் என்னென்ன பேக்கேஜ் (மென்பொருள் பொதி) கிடைக்கும் என்று பட்டியலிடும் பேக்கேஜஸ் கோப்பையும் படித்து, எது குறைகிறது என்று சொல்ல ஒரு பைதன் ஸ்கிரிப்ட் வேண்டும். அதை எதை வைத்து எழுதுவது என்பதுதான் கேள்வி.

இரண்டு கோப்புக்கும் அமைப்பு ஒன்றுதான். ஒரு பேக்கேஜுக்கு ஒரு பத்தி, பத்திகளுக்கு நடுவே வெற்று வரி. ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரின் பத்தியைச் சுருக்கித் தமிழ் எழுத்தில் போட்டால் இப்படி இருக்கும்:

பேக்கேஜ்: ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர்
ஸ்டேட்டஸ்: இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்ட்
வெர்ஷன்: 1:9.2பி1-2
டிபென்ட்ஸ்: ஓப்பன்எஸ்எஸ்எச்-கிளையன்ட் (= 1:9.2பி1-2), டெப்கான்ஃப் (>= 0.5) | டெப்கான்ஃப்-2.0
கான்ஃபைல்ஸ்:
 /இடிசி/இனிட்.டி/எஸ்எஸ்எச் …

பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது, "இதற்கெல்லாம் ஒரு நூலகமா? வரி வரியாகப் படித்து ஸ்ப்ளிட் பண்ணினால் போதுமே." போதும்தான், பேக்கேஜ் பெயர் மட்டும் வேண்டுமென்றால். வெர்ஷன் வரியைப் பாருங்கள். முக்காற்புள்ளி வருகிற இடமெல்லாம் வெட்டினால் மூன்று துண்டு வரும், எபோக் என்கிற அந்த முன்னெண் 1 தனியாகக் கழன்றுவிடும். ஹோம்பேஜ் வரியில் இணைய முகவரியே உடையும். சரி, முதல் முக்காற்புள்ளியில் மட்டும் வெட்டுகிறோம், அதற்குப் பைதனில் பார்ட்டிஷன் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. முக்காற்புள்ளியோடு அடுத்த இடைவெளியையும் சேர்த்து வெட்டுபவர்கள் கான்ஃபைல்ஸில் மாட்டுவார்கள். அந்த வரியில் மதிப்பே இல்லை, அடுத்த வரிகள் இடைவெளியோடு தொடங்குகின்றன. இடைவெளியிலோ டேபிலோ தொடங்கும் வரி மேலே உள்ளதன் தொடர்ச்சி. விளக்கத்துக்குள் வெற்று வரி வேண்டுமென்றால் இடைவெளிக்குப் பின் ஒற்றைப் புள்ளி இருக்கும்.

இவ்வளவையும் கவனித்தால் கைவேலை இருபது முப்பது வரியில் முடிந்துவிடும், வேகமாகவும் ஓடும். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் போட்டிருக்கும் பைதன் பதிப்பைப் பொறுத்து, பேக்கேஜ் பராமரிப்பவர்களின் பெயர்கள் குப்பையாக வரக்கூடும். ஆனால் கூடவே எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று சொல்லும் டிபென்ட்ஸ் வரியின் கதை வேறு. காற்புள்ளி என்றால் "இதுவும் வேண்டும்", நெடுங்கோடு என்றால் "இதில் ஏதாவது ஒன்று", அடைப்புக்குள் வெர்ஷன் நிபந்தனை, சில இடங்களில் பெயருக்குப் பின்னால் ஆர்க்கிடெக்சர் (மெஷின் வகை) ஒட்டு. இதை ரெகெக்ஸ் என்கிற தேடல் வடிவங்களில் பிடிக்கப் போகிறவர்கள் பிடிக்கட்டும், எனக்குப் பொறுமையில்லை.

வெர்ஷன் ஒப்பீடு அதைவிட மோசம். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், 1.10 பெரிசா, 1.9 பெரிசா?" கணக்குப் பாடத்தில் 1.9. பைதனில் வெறும் எழுத்துச் சரமாக ஒப்பிட்டாலும் 1.9 தான் பெரிசு. டெபியனுக்கு 1.10. அதோடு அலைக்கோடு இருந்தால் எல்லாவற்றுக்கும் முந்தியது: 2.0~ஆர்சி1 என்பது 2.0ஐ விடப் பழையது. எபோக் இருந்தால் மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும், 1:2.0 க்கு முன்னால் 9.0 சின்னது. பைதனுக்கென்று உள்ள பேக்கேஜிங் நூலகத்தின் வெர்ஷன் வகுப்பு இங்கே உதவாது. அது பெப் 440 என்ற பைதனின் சொந்த வெர்ஷன் விதியைப் பின்பற்றுவது, முக்காற்புள்ளியைக் கண்டதும் செல்லாத வெர்ஷன் என்று எறிந்துவிடும்.

கைவேலைக்கு அடுத்து ஈமெயில் மாடியூல். பைதனோடு கூடவே வருகிறது, எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை, டெபியன் கோப்பும் மின்னஞ்சல் தலைப்பும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தொடர்ச்சி வரியைச் சரியாகப் பிடிக்கிறது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் முதல் வெற்று வரியோடு தலைப்பு முடிந்தது, மிச்சமெல்லாம் கடிதத்தின் உடல் என்று நினைத்துக்கொள்ளும். பத்திகளை நாமே பிரித்துக் கொடுக்க வேண்டும். இல்லாத ஃபீல்டைக் கேட்டால் பிழை எழுப்பாது, பேசாமல் நன் ("மதிப்பு எதுவும் இல்லை") என்று திருப்பும், அது எங்கோ இருபது வரி தள்ளி வெடிக்கும். பைதன் நூலகங்கள் வரும் பொதியான வீல் ஒன்றுக்குள் இருக்கும் மெட்டாடேட்டா கோப்பைப் படிக்க இதுதான் சரியான ஆள், அந்தக் கோப்பு மின்னஞ்சல் தலைப்பு வடிவில்தான் எழுதப்படுகிறது. டெபியனுக்கு இதை எடுத்தால் டிபென்ட்ஸும் வெர்ஷனும் இன்னும் நம் தலையில்தான்.

பைதன்-ஏப்ட் உண்மையான குதிரை. டெபியனில் பேக்கேஜ்களை இறக்கி இன்ஸ்டால் செய்யும் ஏப்ட் கட்டளை பயன்படுத்தும் அதே சி++ நூலகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டேக்ஃபைல் என்ற வகுப்பு பத்தி பத்தியாகக் கொடுக்கும், டிபென்ட்ஸைப் பிரிக்கவும் வெர்ஷனை ஒப்பிடவும் தனித்தனி ஃபங்ஷன் உண்டு. வெர்ஷன் ஒப்பீட்டுக்கு முன்னால் சிஸ்டத்தை இனிஷியலைஸ் பண்ண மறக்கக்கூடாது. டெபியன் 12 வெளிவந்தபோது அதில் மொத்தம் 64,419 பேக்கேஜ். அந்த அளவுக் கோப்பில் இதன் வேகத்துக்குப் பக்கத்தில் மற்றவை வராது. தோட்டத்து மெஷினில் மட்டும் வேலை என்றால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். எங்கள் பாதி வேலை நடப்பதோ விண்டோஸில். அங்கே இது ஓடாது, கதை முடிந்தது.

மிஞ்சுவது பைதன்-டெபியன். இந்தக் கோப்புகளைப் படிக்கும் இதன் டெப்822 பகுதி சுத்தப் பைதன், அதனால் விண்டோஸிலும் பிப் (பைதன் நூலகங்களை இறக்கும் கருவி) போட்டால் வந்துவிடும். ஏப்ட் நூலகம் கிடைக்கிற மெஷினில் அதைப் பயன்படுத்தி வேகம் எடுக்கும், கிடைக்காவிட்டால் எச்சரித்துவிட்டுத் தன் பைதன் வழியில் போகும். யூஸ்_ஏப்ட்_பிகேஜி என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் எச்சரிக்கையும் இல்லை. ரிலேஷன்ஸ் என்று கேட்டால் டிபென்ட்ஸ் பட்டியலுக்குள் பட்டியலாக வரும்: வெளிப் பட்டியலில் எல்லாம் வேண்டும், உள் பட்டியலில் ஒன்று போதும். பெயர், நிபந்தனை, ஆர்க்கிடெக்சர் ஒட்டு எல்லாம் பிரித்தே இருக்கும். வெர்ஷனுக்கும் தனி வகுப்பு உண்டு, எபோக்கும் அலைக்கோடும் அதற்குத் தெரியும். குறை வேகம்தான். முழுப் பேக்கேஜஸ் கோப்பையும் சுத்தப் பைதனில் ஓடவிட்டால், பழைய மெஷினில் ஒரு பிளேன்டி ஊற்றுகிற நேரம் எடுக்கலாம். எங்களுக்கு அது பரவாயில்லை, இரண்டு மெஷினிலும் ஒரே ஸ்கிரிப்ட் ஓடுவதுதான் பெரிது. அதனால் இதையே எடுத்தோம்.

பேர்ள் மொழியில் எழுதுபவர்களுக்கு டிபிகேஜி (டெபியனின் அடிப்படை இன்ஸ்டால் கருவி) திட்டத்தின் கண்ட்ரோல் மாடியூல் உண்டு, நல்ல சாமான். ஆக் என்ற உரை அலசும் கருவியில், பதிவுகளைப் பிரிக்கும் குறியான ஆர்எஸ்ஸை வெறுமையாக வைத்தால் பத்தி பத்தியாகப் படிக்கும். அவசரத்துக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில் வேண்டுமானால் அது போதும்.

எந்த நூலகம் எடுத்தாலும் நாமே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. ஸ்டேட்டஸ் கோப்பில் பெயர் இருப்பதெல்லாம் இன்ஸ்டால் ஆனவை அல்ல. நீக்கிய பேக்கேஜின் செட்டிங்ஸ் கோப்பு மிச்சமிருந்தால் "டிஇன்ஸ்டால் ஓகே கான்ஃபிக்-ஃபைல்ஸ்" என்று பத்தி அப்படியே நிற்கும். தோட்டத்துச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் இருக்கும், ஆள் மலைக்கு வேலைக்குப் போயிருக்காது. பென்ட்ரைவில் இடம் போதுமா என்று கூட்டும்போது எடுக்க வேண்டியது சைஸ் ஃபீல்டு, அது பைட்டில் இருக்கும். இன்ஸ்டால்ட்-சைஸ் என்பது விரித்த பிறகு டிஸ்க்கில் பிடிக்கும் இடம், அது கிபிபைட்டில்.

அப்புறம், இங்கே பேசிய பகுதிகள் எல்லாம் படித்துக் கொடுக்கும், தீர்மானித்துக் கொடுக்காது. நெடுங்கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளதில் எதை எடுப்பது, வேறொரு பேக்கேஜின் ப்ரொவைட்ஸ் ("இந்தப் பெயருக்கும் நான் ஈடு") வரி வழியாக மட்டும் இருக்கும் பெயருக்கு யாரை அனுப்புவது என்பது ஏப்டின் வேலை. பிள்ளைகளின் கல்வி மென்பொருளான ஜிகாம்பிரிஸ் மாதிரி ஒரு பேக்கேஜையும் அதன் டேட்டாவையும் கொண்டுபோக எங்கள் ஸ்கிரிப்ட் போதும். முழு அப்கிரேடே டவுனிலிருந்து வர வேண்டும் என்றால் ஏப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது, டவுன்லோட் பக்கம் விண்டோஸிலும் ஓடும். அந்த வேலைக்கு ஸ்கிரிப்ட் எழுதி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.